செல்லுக்குள்ள என்ன இருக்கு? எக்செல் கேள்வி பதில்

போன இதழ்ல "எக்செல் கத்துக்கறப்ப எந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்கறீங்க, எழுதுங்க"ன்னு கேட்டிருந்தேன். வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் ரெண்டு நாள் உக்காந்து படிச்சேன், முக்கால்வாசி கேள்வி சுத்திச் சுத்தி ரெண்டே விஷயத்துல வந்து நிக்குது, செல்லுக்குள்ள, அதாவது ஷீட்ல இருக்கற ஒரு கட்டத்துக்குள்ள, போட்டது நம்பரா எழுத்தா தேதியான்னு ஒண்ணு, ஃபார்முலா, அதாவது = போட்டு நாம எழுதற கணக்கு, எந்தச் செல்லைப் பாத்துக்கிட்டு இருக்குன்னு இன்னொண்ணு. அதனால இந்த மாசம் அது மட்டும்தான். ஃபார்முலாவை எல்லாம் இங்க தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், நீங்க டைப் பண்றப்ப ஏ, பி, சி, சம் எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.

திருப்பூர் வாசகி, மகளிர் குழு கணக்கு எழுதறவங்க: அக்கா, எங்க குழுவுல 20 பேரு. மாச சேமிப்பு ஆளுக்கு 200 ரூபா. எக்செல்ல ஏத்தி கீழ சம் போட்டா 4,000 வராம 2,600 காட்டுது. நோட்டுல கூட்டினா சரியா இருக்கு. கம்ப்யூட்டர் கூட தப்பா கூட்டுமா?

கூட்டல் சரியாதாம்மா இருக்கு, ஏழு பேரோட காசு அதோட கண்ணுக்கே படல. நீங்க அனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன், ஏழு செல்லுல மட்டும் "200 ரூ"ன்னு அடிச்சிருக்கீங்க, மத்த பதிமூணுல வெறும் 200. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா எக்செல்லுக்கு 200ங்கறது நம்பர், "200 ரூ"ங்கறது ஒரு பேரு மாதிரி, லட்சுமின்னு எழுதினா எப்படியோ அப்படி. சம் வந்து ஒரு காலத்துல (மேல இருந்து கீழ போற செல் அடுக்கைத்தான் காலம்னு சொல்றேன்) நம்பரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டும், எழுத்து இருக்கற செல்லை சத்தமே இல்லாம தாண்டிப் போயிடும், தாண்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லாது. ஏழு இருநூறு 1,400, அதுதான் உங்க கணக்குல குறையுது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நீங்க எந்தச் சீரமைப்பும் பண்ணாம விட்டிருந்தா நம்பர் செல்லுக்குள்ள வலது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிக்கும். காலத்தை மேல இருந்து கீழ ஒரு பார்வை பாருங்க, வரிசையில இருந்து விலகி இடது பக்கம் சாஞ்சு நிக்கறது எல்லாமே சந்தேகக் கேஸ். ஆனா அழகுக்காக எல்லாத்தையும் நடுவுல கொண்டு வந்து வச்சிட்டீங்கன்னா இந்த அடையாளமே போயிடும், அதனால கணக்கு முடியற வரைக்கும் நடுவுல வைக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. சந்தேகம் தீரலன்னா பக்கத்துக் காலத்துல =இஸ்நம்பர்(பி2)ன்னு (பி2ன்னா பி காலத்துல ரெண்டாவது வரிசைல இருக்கற செல்) போட்டு கீழ வரைக்கும் இழுங்க, நம்பரா இருந்தா ட்ரூ, இல்லேன்னா ஃபால்ஸ்.

சரி பண்றதுக்கு கன்ட்ரோல் எச் அமுக்கி, தேடற இடத்துல ஒரு இடைவெளி விட்டு "ரூ"ன்னு போட்டு, மாத்தற இடத்தைக் காலியா விட்டு ரீப்ளேஸ் ஆல் குடுங்க. ரூபா அடையாளம் கண்ணுக்குத் தெரியணும்னு ஆசைப்பட்டா அதுக்கும் வழி இருக்கு, காலத்தை செலக்ட் பண்ணி கன்ட்ரோல் 1 அமுக்கி கரன்சின்னு எடுத்துக்கோங்க, அப்ப செல்லுக்குள்ள இருக்கறது 200ன்னே இருக்கும், மேல போட்டுக்கற சட்டை மட்டும் ₹200ன்னு மாறும். செல்லுக்குள்ள இருக்கறது வேற, நமக்குக் காட்டறது வேற, இதை மட்டும் மனசுல நல்லா ஏத்திக்கோங்க, இன்னிக்கு வர்ற எல்லா கேள்விக்கும் இதுதான் அடிப்படை. உள்ள உண்மையில என்ன இருக்குன்னு பாக்கணும்னா செல்லைத் தொட்டுட்டு மேல இருக்கற ஃபார்முலா பார்ல பாருங்க.

வாட்ஸ்அப்ல இருந்தோ வெப்சைட்ல இருந்தோ காப்பி பண்ணி ஒட்டறப்பவும் இதே பிரச்சனை வரும், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒண்ணு நம்பரோட கூடவே வந்து உக்காந்துக்கும். பூஜ்யத்துக்குப் பதிலா இங்கிலீஷ் ஓ எழுத்தை அடிச்சவங்களையும் நிறைய பாத்திருக்கேன்.

தஞ்சாவூர் பக்கத்து ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கற தம்பி: மேடம், பசங்க ஆதார் நம்பர் அடிச்சா 2.35ஈ+11ன்னு வருது. பேங்க் அக்கவுன்ட் நம்பர்ல முன்னாடி இருக்கற பூஜ்யம் காணாமப் போகுது. கதவு எண் 12/3ன்னு போட்டா தேதி ஆயிடுது. பைத்தியம் பிடிக்குது.

மூணுக்கும் ஒரே வேர்தான் தம்பி. பேருல நம்பர்னு இருக்கறதால அதை நம்பர்னு நினைச்சிடறோம். ரெண்டு பையனோட ஆதாரைக் கூட்டி நமக்கு ஏதாவது ஆகப்போகுதா? சராசரி எடுக்கப் போறோமா? கூட்டிக் கழிக்கத் தேவையில்லாதது எல்லாமே எழுத்துதான், ஆதார், அக்கவுன்ட் நம்பர், போன், பின்கோடு, ரோல் நம்பர், கதவு எண் எல்லாம் அதுல சேத்தி. டைப் பண்ண ஆரம்பிக்கறதுக்கு *முன்னாடி* அந்தக் காலத்தை செலக்ட் பண்ணி டெக்ஸ்ட்னு மாத்திடுங்க. ஒண்ணு ரெண்டு செல்லுதான்னா முதல்ல ஒத்தை மேற்கோள் குறி போட்டுட்டு அடிங்க, அந்தக் குறி செல்லுல தெரியாது.

முன்னாடின்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எக்செல் ஒரு நம்பர்ல 15 இலக்கம் வரைக்கும்தான் ஞாபகம் வச்சுக்கும், 16வது இலக்கத்தைப் பூஜ்யமா ஆக்கிடும். ஆதார் 12 இலக்கம், அதனால அது பாக்கத்தான் கோணல், உள்ள முழுசா இருக்கு, ஃபார்மட்டை நம்பர்னு மாத்தி தசமத்தை எடுத்துட்டா திரும்ப வந்துடும். ஆனா 16 இலக்க அக்கவுன்ட் நம்பரை அடிச்சு என்டர் தட்டிட்டீங்கன்னா கடைசி இலக்கம் போனது போனதுதான், அப்புறம் டெக்ஸ்ட்னு மாத்தினாலும் பூஜ்யம்தான் இருக்கும். ஸ்காலர்ஷிப் பணம் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேராம நிக்கறதுக்கு இது ஒண்ணு போதும், அதனால அடிச்ச லிஸ்ட்ல அக்கவுன்ட் நம்பர் கடைசில எல்லாமே பூஜ்யமா முடியுதான்னு இன்னிக்கே ஒரு தடவை பாத்துடுங்க.

கதவு எண் தேதியா மாறுதுன்னு வருத்தப்பட்டீங்க இல்லையா, உலகம் பூரா மரபணு ஆராய்ச்சி பண்றவங்க இதே விஷயத்துல தவிச்சிருக்காங்க. மார்ச்1, செப்ட்2ன்னு சில ஜீனுக்கு சுருக்கப் பேரு இருந்துச்சு, எக்செல்ல போட்டா அது மார்ச் 1ஆம் தேதி, செப்டம்பர் 2ஆம் தேதின்னு மாறி ஆராய்ச்சிக் கட்டுரைங்களுக்கு உள்ளயே போய் உக்காந்துக்கிச்சு. கடைசில 2020ல ஜீனுக்குப் பேரு வைக்கற சர்வதேசக் குழு அந்தப் பேருங்களையே மாத்திட்டாங்க, செப்ட்2 இப்ப செப்டின்2. நம்ம கதவு எண்ணை யாரும் மாத்த மாட்டாங்க, அதனால டெக்ஸ்ட்.

ஈரோடு, மஞ்சள் மண்டி கணக்குப் பிள்ளை: தேதி வாரியா அடுக்கச் சொன்னா பாதி மேல பாதி கீழன்னு குழம்புது. சில தேதி இடது பக்கம், சில தேதி வலது பக்கம் நிக்குது.

அண்ணே, இது கொஞ்சம் ஆபத்தான விஷயம், நிதானமாப் படிங்க. எக்செல்லுக்குள்ள தேதின்னு ஒண்ணு கிடையாது, அது வெறும் நாள் எண்ணிக்கை. 1900 ஜனவரி 1ஐ 1ன்னு வச்சு எண்ணிக்கிட்டே வருது, 1947 ஆகஸ்ட் 15 அதுக்கு 17394, 2025 ஜனவரி 1 அதுக்கு 45658. அதனாலதான் ரெண்டு தேதியைக் கழிச்சா நடுவுல எத்தனை நாள்னு வருது, பாக்கி எத்தனை நாளா நிக்குதுன்னு நீங்க சுலபமா பாத்துக்கலாம். தேதி போட்ட செல்லுல திடீர்னு 45658ன்னு தெரிஞ்சா பயப்பட வேண்டாம், சட்டை கழண்டிருக்கு, ஃபார்மட்ல டேட்னு திரும்ப மாட்டி விடுங்க.

இப்ப உங்க பிரச்சனை. உங்க கம்ப்யூட்டர்ல ஊர் செட்டிங் அமெரிக்கான்னு இருக்குன்னு நினைக்கறேன், அவங்க ஊர்ல மாசம் முதல்ல, நாள் அப்புறம். நீங்க 25/04/2025ன்னு அடிச்சா அது 25வது மாசமான்னு பாத்து, அப்படி ஒரு மாசம் இல்லவே இல்லைன்னு அதை எழுத்தா இடது பக்கம் வச்சிடுது. நீங்க 03/04/2025ன்னு அடிச்சா அது மார்ச் 4ன்னு எடுத்துக்கிட்டு ஒழுங்கா வலது பக்கம் நிக்குது. கவனிச்சீங்களா, இடது பக்கம் நிக்கறதுல தேதி நீங்க எழுதினபடியே இருக்கு, பாக்க ஒழுங்கா வலது பக்கம் நிக்கறதுதான் தப்பான தேதி! 12ஆம் தேதி வரைக்கும் அடிச்சது எல்லாமே நாளும் மாசமும் இடம் மாறிக் கிடக்கும் (நாளும் மாசமும் ஒரே எண்ணா இருந்தா மட்டும் தப்பிக்கும்), 13ல இருந்து எல்லாம் எழுத்தாக் கிடக்கும்.

எழுத்தா இருக்கறதை செலக்ட் பண்ணி டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போயி, கடைசிப் படில டேட்னு எடுத்து டிஎம்ஒய்னு குடுங்க. இடம் மாறினதுக்கு பக்கத்துல =டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மந்த்(ஏ2))ன்னு போட்டா நாளையும் மாசத்தையும் திருப்பி வச்சிடும். ஆனா ரெண்டையும் பண்றதுக்கு முன்னாடி ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க, முடிச்சதும் மண்டி பில்லு புக்கை வச்சு ஒரு பத்து தேதியாவது ஒத்துப் பாருங்க. ஊர் செட்டிங்கை இந்தியான்னு மாத்தினா இனிமே அடிக்கறது ஒழுங்கா வரும், லட்சத்துக்கு கமாவும் நம்ம வழக்கப்படி விழும்.

சிவகாசி வாசகர், பட்டாசுக் கடை: விலைப் பட்டியல் 140 ஐட்டம். தள்ளுபடி சதவீதத்தை ஈ1ல போட்டு முதல் ஐட்டத்துக்கு =பி2*ஈ1ன்னு போட்டேன், சரியா வந்துச்சு. இழுத்தா கீழ எல்லாம் பூஜ்யம். டாலர் போடணும்னு பையன் சொல்றான், ஏன்னு கேட்டா அவனுக்கும் தெரியல.

பையன் சொன்னது சரி, ஏன்னு நான் சொல்றேன். இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், எக்செல்லோட உயிரே இதுலதான் இருக்கு.

நீங்க =பி2*ஈ1ன்னு எழுதினா எக்செல் அதை விலாசமா எடுத்துக்கறது இல்ல, வழி சொல்ற மாதிரி எடுத்துக்குது. ஃபார்முலா சி2ல இருக்குன்னு வச்சுக்குவோம், அதுக்குப் புரியறது என்னன்னா "எனக்கு இடது பக்கத்துல இருக்கறவரை, வலது பக்கம் ரெண்டு வீடு தள்ளி ஒரு வீடு மேல இருக்கறவரால பெருக்கு". நாம வீடு மாறினா எதிர்த்த வீடும் மாறிடும் இல்லையா, அதே கதைதான். ஒரு வரிசை கீழ இழுத்ததும் அது =பி3*ஈ2ன்னு ஆகுது, விலை பி3ன்னு நகர்ந்தது நமக்கு வேணும், ஆனா தள்ளுபடி ஈ2ன்னு நகர்ந்துடுச்சு, அங்க ஒண்ணும் இல்ல, காலி செல்லுன்னா பெருக்கல்ல பூஜ்யம்.

விலை எதிர்த்த வீடு மாதிரி கூடவே மாறணும், தள்ளுபடி ஊர்ப் பிள்ளையார் கோயில் மாதிரி, நீங்க எந்தத் தெருவுக்குக் குடி போனாலும் அது அங்கயேதான் இருக்கணும். அதைச் சொல்றதுதான் டாலர். =பி2*$ஈ$1ன்னு போடுங்க. ஈக்கு முன்னாடி இருக்கற டாலர் காலத்தை நகர விடாது, 1க்கு முன்னாடி இருக்கறது வரிசையை நகர விடாது. கையால அடிக்க வேண்டியதுகூட இல்ல, ஃபார்முலாவுக்குள்ள ஈ1 மேல கர்சரை வச்சு எஃப்4 அமுக்குங்க, திரும்பத் திரும்ப அமுக்கினா $ஈ$1, ஈ$1, $ஈ1, ஈ1ன்னு சுத்தி வரும், சில லேப்டாப்ல எஃப்என் சாவியையும் சேத்துப் பிடிக்கணும். ஒண்ணு கவனிங்க, இதுல வர்றது தள்ளுபடித் தொகைதான், வாங்கறவர் குடுக்க வேண்டிய விலைக்கு =பி2*(1-$ஈ$1)ன்னு போடணும்.

அந்த ஒத்தை டாலர் எதுக்குன்னு கேப்பீங்க. குழுக் கடன் வட்டி அட்டவணை போடறவங்களுக்கு அது பெரிய வரம். மேல் வரிசைல பி1, சி1, டி1ன்னு 10,000, 20,000, 50,000, ஏ காலத்துல கீழ் நோக்கி 1 மாசம், 2 மாசம்னு நம்பர் மட்டும். மாசம் நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா பி2ல =$ஏ2*பி$1*1%ன்னு ஒரே ஒரு தடவை எழுதி வலது பக்கமும் கீழயும் இழுத்தா மொத்த அட்டவணையும் நிரம்பிடும், மாசத்துக்கு எப்பவும் ஏ காலத்தைப் பாக்கும், தொகைக்கு எப்பவும் 1வது வரிசையைப் பாக்கும்.

ஒரு வேண்டுகோள், அவசரத்துல =பி2*60%ன்னு சதவீதத்தை ஃபார்முலாவுக்குள்ளயே எழுதிடாதீங்க. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி தள்ளுபடியை மாத்தணும்னா 140 செல்லையும் தொடணும், ஈ1ல இருந்தா ஒரு செல்லுதான். இந்த மாதிரி சாஃப்ட்வேர் பொறந்ததே இதுக்காகத்தான். 1978ல டேன் ப்ரிக்லின்னு ஒரு ஹார்வர்ட் மாணவர், பேராசிரியர் கரும்பலகைல கணக்கு அட்டவணை போடறதைப் பாத்து, ஒரு நம்பர் மாறினா அதைத் தொட்டு நிக்கற எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு எழுத வேண்டியிருக்கேன்னு யோசிச்சார், பாப் ஃப்ராங்க்ஸ்டனோட சேந்து 1979ல விசிகால்க்னு வெளிய கொண்டு வந்தார். எக்செல் வந்தது 1985ல, அதுவும் முதல்ல மேக்கின்டாஷுக்கு.

மதுரை வாசகர்: புதுசா ஒரு ஆள் சேந்தா கடைசில ஒரு வரி சேத்து எழுதறேன், மொத்தத்துல சில தடவை சேருது, சில தடவை சேரல.

=சம்(பி2:பி31)னு எழுதினா 2ல இருந்து 31 வரைக்கும்னு வேலி போட்ட மாதிரி. வேலிக்கு நடுவுல வரி சேத்தா வேலி தானா விரியும், 31க்குக் கீழ சேத்தா சில நேரம் எக்செல்லே புரிஞ்சுக்கிட்டு விரிக்கும், சில நேரம் விரிக்காது, அதை நம்பக்கூடாது. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல போனஸ் பட்டியல் என் கையிலதான் இருந்துச்சு, கடைசியாச் சேந்த வாட்ச்மேன் ஐயா பேரை 32வது வரில எழுதினேன், மொத்தம் 31ஓட நின்னுடுச்சு, பேங்க்ல இருந்து அந்த மொத்தத்துக்குத்தான் காசு எடுத்தாங்க. எல்லாரும் கவர் வாங்கிட்டுப் போனப்புறம் அவர் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னதை இன்னும் மறக்க முடியல. அன்னில இருந்து பட்டியல் போட்டதும் கன்ட்ரோல் டி (டேபிள்ங்கற இங்கிலீஷ் வார்த்தையோட முதல் எழுத்து T, டி1ல வர்ற D இல்ல) அமுக்கி டேபிளா மாத்திடுவேன், டேபிளோட மொத்தத்துல புது வரி தானாச் சேரும், கூடவே ஆள் கணக்கை கவுன்ட் போட்டு மொத்தத்துக்குப் பக்கத்துலயே எழுதி வைப்பேன்.

இன்னொண்ணு, ஃபார்முலா பாத்துக்கிட்டு இருக்கற காலத்தையே அழிச்சா #ரெஃப்!னு வரும், விலாசம் இடிஞ்சு போச்சுன்னு அர்த்தம், உடனே கன்ட்ரோல் இசட் அமுக்குங்க.

கோவை, பி.காம் மாணவி: இதெல்லாம் நம்ம மாதிரி கத்துக்கறவங்க பண்ற தப்புதானே அக்கா? பெரிய இடத்துல நடக்காதுல்ல?

நடந்திருக்கும்மா. 2010ல கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், அரசாங்கக் கடன் நாட்டோட வருமானத்துல 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி விழுந்துடும்னு ஒரு கட்டுரை எழுதினாங்க, பல நாட்டுல செலவைக் குறைக்கணும்னு பேசினவங்க அதைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாங்க. 2013ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர், வகுப்புப் பாடத்துக்காக அதைத் திரும்பப் போட்டுப் பாக்கறப்ப கணக்கு ஒத்து வரல, ஒரிஜினல் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாத்தா சராசரி எடுக்கற ரேஞ்ச் 30வது வரில இருந்து 49வது வரி வரைக்கும் போகாம 44லயே நின்னுடுச்சு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க்னு அஞ்சு நாடு வெளிய. மதுரைக்காரர் கேட்டாரே, அதே வேலிதான். கடன் 90ஐத் தாண்டின நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம்னு இருந்த வளர்ச்சி ஹெர்ன்டன் தரப்புல திருத்தினப்ப 2.2 சதவீதம்னு வந்துச்சு, ஆனா அந்த வித்தியாசம் முழுக்க இந்த ரேஞ்ச் தப்பால வந்ததில்ல, முதல் கட்டுரை எழுதினவங்க எந்த வருஷத்தைச் சேத்தாங்க, எதுக்கு எவ்வளவு மதிப்பு குடுத்தாங்கங்கறதும் பெரிய காரணம். நீங்க பாக்க வேண்டியது அந்த மாணவர் பண்ண வேலையை, ரிசல்ட்டை நம்பாம செல்லைத் தொட்டுப் பாத்தார்.

2020ல இங்கிலாந்துல கொரோனா கணக்கு எடுத்தப்ப பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல கொள்ளாதுங்கறதால 15,841 பேரோட ரிசல்ட் நேரத்துக்குக் கணக்குல வராமப் போச்சு, அவங்களோட பழகினவங்களைத் தேடிச் சொல்றதும் தாமதமாச்சு. இப்ப இருக்கற எக்செல்ல 10,48,576 வரி இருக்கு.

விருதுநகர், ஸ்டேஷனரி கடை: ஜிஎஸ்டி தனித்தனியா சரி, மொத்தத்துல ஒரு பைசா இடிக்குது.

66.50க்கு 5 சதவீதம்னா உள்ள 3.325, உங்களுக்குக் காட்டறது 3.33. மூணு ஐட்டம்னா நீங்க 9.99ன்னு கூட்டுவீங்க, அது உள்ள இருக்கறதைக் கூட்டி 9.975ஐ 9.98ன்னு காட்டும். =ரவுண்ட்(பி2*5%,2)ன்னு போட்டா உள்ளயே 3.33ன்னு ஆகிடும், ரெண்டும் ஒத்துப்போகும்.

நாகர்கோவில் வாசகி: என்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல, போன் மட்டும்தான். கத்துக்க முடியுமா?

தாராளமா முடியும்மா. போன்ல கூகுள் ஷீட்ஸ் இலவசமாப் போட்டுக்கலாம், இன்னிக்குச் சொன்ன ஃபார்முலாவும் டாலரும் அதுலயும் அப்படியேதான், எஃப்4 கிடையாதுங்கறதால டாலரைக் கையால அடிக்கணும். பின்னாடி பழைய கம்ப்யூட்டர் ஏதாவது கிடைச்சா லிப்ரே ஆபீஸும் காசில்லாமக் கிடைக்குது.

வீட்டுப் பால் கணக்குல இருந்து ஆரம்பிங்க. ஏ காலத்துல தேதி, பி காலத்துல எத்தனை லிட்டர், லிட்டர்னு எழுதாம வெறும் 1, 1.5ன்னு. பால் வராத நாளுக்கு 0 போடுங்க, காலியா விட்டா சராசரி எடுக்கறப்ப அந்த நாளையே விட்டுடும். ஒரு லிட்டர் விலை ஈ1ல. சி2ல =பி2*$ஈ$1ன்னு எழுதி 30 நாளுக்கும் இழுத்து, கீழ மொத்தம் போடுங்க. முடிச்சிட்டு ஈ1ல விலையை ரெண்டு ரூபா ஏத்திப் பாருங்க, 30 வரியும் ஒரே நேரத்துல மாறணும். ஏதாவது ஒரு வரி மாறாம நின்னுச்சுன்னா அந்தச் செல்லைத் தொட்டு ஃபார்முலா பார்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்து, அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்க.